பூட்டிய வீட்டுக்கு எத்தனை டிகிரி?

மார்கழி பிறந்ததும் திருச்சி விமான நிலையத்திலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் சாலையில், தலைக்கு மேல் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய கார்கள் பெருகிவிடும். லண்டன், டொராண்டோ, டல்லாஸ் என்று குடியேறிப்போன பிள்ளைகள், பள்ளி விடுமுறையோடு முன்னும் பின்னும் சில நாள் சேர்த்துக்கொண்டு ஊருக்கு வரும் பருவம் இது. பொங்கல் முடித்துப் போகிறவர்களும் உண்டு. இங்கே பெற்றோர் விடியற்காலை 20 டிகிரியைக் குளிர் என்று சொல்லிக் காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டிருக்க, அங்கே பிள்ளைகள் பூட்டிவிட்டு வந்த வீடு கடுங்குளிரில் நிற்கிறது.

கிளம்புவதற்கு முன் அந்தக் குடும்பங்களில் எல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. ஹீட்டரை அணைத்துவிட்டுப் போவதா, எரியவிட்டுப் போவதா? ஆளில்லாத வீட்டுக்கு எதற்குச் சூடு, சுத்தமாக அணைத்துவிடு என்பது ஒரு கட்சி. திரும்பி வந்து குளிர்ந்துபோன வீட்டைச் சூடாக்கத்தான் அதிகம் செலவாகும், இருக்கிறபடியே விட்டுவிடு என்பது இன்னொரு கட்சி. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. இதே குடும்பங்களில் பல புதுக்கோட்டைப் பக்கமும் ஒரு வீட்டை வருஷத்தில் பத்து, பதினொரு மாதம் பூட்டி வைத்திருக்கின்றன. இரண்டு வீடுகளும் கெட்டுப்போவது ஒரே காரணத்தால். அது குளிருமல்ல, வெயிலுமல்ல. தண்ணீர்.

முதலில் செலவுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு வீடு வெப்பத்தை இழக்கும் வேகம், உள்ளே உள்ள வெப்பத்துக்கும் வெளியே உள்ள வெப்பத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பொறுத்தது. லண்டனில் வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் இடைவெளி 15. உள்ளே 8 டிகிரிக்கு இறக்கினால் இடைவெளி 3 ஆகிறது. இழப்பு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஒவ்வொரு டிகிரி இடைவெளிக்கும் 250 வாட் இழக்கிற நடுத்தர வீடு ஒன்றைக் கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். 20 டிகிரியில் வைத்தால் நாளொன்றுக்கு 90 யூனிட். 8 டிகிரியில் வைத்தால் 18 யூனிட். இருபது நாளில் 1,800க்கும் 360க்கும் உள்ள வித்தியாசம். எரிவாயு யூனிட்டுக்கு ஆறு பென்ஸ் சுற்றி விற்கும் விலையில், சுமார் 85 பவுண்டு மிச்சம்.

திரும்பி வந்து சூடாக்கும்போது அந்த மிச்சமெல்லாம் போய்விடாதா? போகாது. சுவரும் தரையும் மரச்சாமானும் மறுபடி சூடாக எவ்வளவு வெப்பம் கேட்கின்றனவோ, ஏறக்குறைய அவ்வளவு வெப்பத்தை அவை குளிர்ந்தபோது வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கும். அந்த நேரத்தில் ஹீட்டர் அந்த அளவுக்கு எரியாமல் இருந்திருக்கும். கொடுத்ததையே திரும்ப வாங்குகிறோம், அவ்வளவுதான். இடையிலிருந்த நாட்களில் வெளியே போகாமல் நின்ற வெப்பம் முழு லாபம். அமெரிக்க எரிசக்தித் துறையும் மறுபடி சூடாக்கச் செலவு கூடும் என்பதைத் தவறான எண்ணம் என்றே பல காலமாகச் சொல்லிவருகிறது. ஆகவே இருக்கிறபடியே விடு என்கிற கட்சி பணக்கணக்கில் தோற்றுவிடுகிறது. அப்படியானால் அணைத்துவிடு என்கிற கட்சி வென்றதா என்றால், அதுவும் இல்லை.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருமன் கூடுகிறது. குழாயை உள்ளிருந்து பனிக்கட்டி முட்டி உடைத்துவிடுகிறது என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் ஓரிடத்தில் பனி அடைத்துக்கொள்கிறது. அது வளர வளர, அடைப்புக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் நெருக்கப்படுகிறது. அழுத்தம் பல மடங்கு ஏறி, எங்கே பலவீனமோ அங்கே பிளக்கிறது. பிளந்த இடத்தில் பனியே இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகள், காப்பு உறை போடாத குழாய்கள் வெளி வெப்பம் சுமார் மைனஸ் 7 டிகிரிக்கு இறங்கும்போது ஆபத்தைத் தொடுகின்றன என்று காட்டின. காற்று புகும் ஓட்டை இருந்தால் அதற்கு முன்பே.

இதில் கொடுமை என்னவென்றால் உடைந்தது அப்போது தெரியாது. பனி அடைத்திருக்கும் வரை ஒரு சொட்டும் வராது. வெயில் வந்து உருகும்போதுதான் தண்ணீர் கொட்டத் தொடங்குகிறது. வீட்டுக்காரர் புதுக்கோட்டையில் பொங்கல் பானை வைத்துக்கொண்டிருப்பார். அங்கே மேல்மாடிக் கூரை ஊறி, மின்சாரப் பெட்டி நனைந்து, மரத்தரை உப்பிக்கொண்டிருக்கும். ஒரு நாடே இதை அனுபவித்திருக்கிறது. 2010 டிசம்பர் 23 அன்று வட அயர்லாந்தின் காசல்டெர்க்கில் மைனஸ் 18.7 டிகிரி பதிவானது. அந்நாட்டின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை அது. கிறிஸ்துமஸ் முடிந்து குளிர் தளர்ந்ததும் விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த வீடுகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் குழாய்கள் வரிசையாகப் பிளந்திருந்தது தெரியவந்தது. கேட்பாரற்று ஓடிய தண்ணீரில் நீர்த்தேக்கங்கள் வற்றின. பல ஆயிரம் வீடுகளுக்கு நாட்கணக்கில் தண்ணீர் இல்லை. குடிநீர் நிறுவனத்தின் தலைமை அதிகாரி அடுத்த மாதமே பதவி விலக நேர்ந்தது. பூட்டிய வீடு அந்த வீட்டுக்காரரின் சொந்த விஷயம் மட்டுமே என்று நினைப்பவர்கள் அந்த வாரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே பூட்டிய வீட்டுக்குச் சூடு தேவைப்படுவது குழாயில் நிற்கும் தண்ணீருக்காக. அது எவ்வளவு என்பதில்தான் நிபுணர்களும் ஒன்றுபடுவதில்லை. பிரிட்டனில் பாய்லர்களில் இருக்கும் உறைதடுப்பு அமைப்பு சுமார் 5 டிகிரியில் விழித்துக்கொள்ளும். ரேடியேட்டர் வால்வில் பனிப்பூ படம் போட்டிருக்கும் நிலை அறையை 6, 7 டிகிரியில் காக்கும். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 55 ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள் என்கிறது. சில இன்சூரன்ஸ் பாலிசிகள் 15 டிகிரி கேட்கின்றன.

இந்த எண்கள் இப்படிச் சிதறிக் கிடப்பதற்கு அர்த்தம் உண்டு. தெர்மோஸ்டாட் இருப்பது நடைவழிச் சுவரில். குழாய் ஓடுவது கூரைக்கடியிலும் வெளிச்சுவரை ஒட்டியும் சமையலறைத் தொட்டியின் கீழ் அலமாரிக்குள்ளும். நடைவழியில் 8 டிகிரி என்றால் அலமாரிக்குள் பூஜ்யமாக இருக்கலாம். அதிலும் மேல்தளத்துக்குப் பஞ்சுக் காப்பு நன்றாகப் போட்ட வீடுகளில், கீழிருந்து வெப்பம் ஏறாததால் கூரைக்கடி இடம் வெளியைப் போலவே குளிர்ந்துவிடும். வீட்டுக்கு நல்லது செய்யப்போய்க் குழாய்க்குக் கெடுதல் வந்து சேர்கிறது. புறப்படும்போது கூரை அறைக் கதவையும் தொட்டிக்கடி அலமாரிக் கதவுகளையும் திறந்துவைக்கச் சொல்வது இதனால்தான். என் கணிப்பில், பிரிட்டனின் சாதாரணக் குளிருக்கு 8 முதல் 10 டிகிரியும், கனடாவின் குளிருக்கு 13 டிகிரியும் வைத்துவிட்டு வருவதே நிதானமான முடிவு. பாலிசி வேறு எண் சொன்னால் பாலிசி சொல்வதே சரி.

எந்த வகைச் சூடு என்பதும் முக்கியம். ஊரில் உள்ள உறவினர்கள் யோசனை சொல்லும்போது இதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான வீடுகளில் ஃபர்னஸ் காற்றைச் சூடாக்கி அனுப்புகிறது. சூடேற்றும் அமைப்பில் தண்ணீரே கிடையாது. அங்கே மெயின் வால்வை மூடிக் குழாய்களை வடித்துவிட்டால் பயம் பெருமளவு தீர்ந்தது. பிரிட்டனில் ரேடியேட்டர்களுக்குள்ளேயே தண்ணீர் சுற்றுகிறது. தெருவிலிருந்து வரும் வால்வை மூடினாலும் அந்தத் தண்ணீர் உள்ளேதான் நிற்கும். பாய்லருக்கு மின்சாரமும் எரிவாயுவும் இருந்தால்தான் உறைதடுப்பு வேலை செய்யும். சிக்கனம் என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு விமானம் ஏறுவது அங்கே பெரிய பிழை. புதிதாகப் பரவிவரும் ஹீட் பம்ப் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். வெளியே நிற்கும் பெட்டிக்குள் தண்ணீர் ஓடும் வகையாக இருந்தால் அதன் மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் துண்டிக்கக் கூடாது. மேலும் அது மெதுவாகச் சூடேற்றும் இயந்திரம். மிக ஆழமாக இறக்கிவிட்டால் பழைய நிலைக்கு வர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். நாலைந்து டிகிரி குறைத்து விடுவது போதும்.

இவ்வளவும் செய்தபின் மின்சாரம் நின்றுபோனால்? 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் டொராண்டோவில் உறைமழை பெய்து, மரக்கிளைகள் பனிச் சுமையில் முறிந்து கம்பிகளின் மேல் விழுந்தன. சுமார் மூன்று லட்சம் இணைப்புகள் இருண்டன. சில பகுதிகளுக்குக் கிறிஸ்துமஸ் தாண்டித்தான் விளக்கு வந்தது. நம் தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஸ்கார்பரோ பக்கமும் அதில் தப்பவில்லை. எரிவாயு ஃபர்னஸாக இருந்தாலும் காற்றைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்தது அதைவிடக் கொடியது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் கடுங்குளிரில் மின்சாரம் இழந்தன. 246 பேர் இறந்ததாக மாநில அரசு கணக்கிட்டது. குளிருக்குப் பழகாத கட்டுமானம் என்பதால் டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் எங்கும் வீட்டுக்கு வீடு குழாய்கள் வெடித்தன. தெர்மோஸ்டாட்டில் வைத்த எண் அந்த நாட்களில் யாரையும் காப்பாற்றவில்லை. தண்ணீரை மூடிவிட்டுப் போனவர்கள் தப்பினார்கள்.

அதனால்தான் முதல் வேலை சூடு அல்ல, வால்வு என்கிறேன். மெயினை மூடி, வீட்டின் உயரமான குழாயையும் தாழ்வான குழாயையும் திறந்து வடியவிட்டு, கழிப்பறைத் தொட்டியையும் காலிசெய்துவிட்டால், அதன்பின் உறைந்தாலும் கசிய அதிகம் இல்லை. பிறகு மிதமான சூடு. இரண்டும் சேர்ந்தால்தான் காப்பு முழுமையாகும். கனடாவின் பல வீட்டுப் பாலிசிகளில் உள்ள ஒரு நிபந்தனையைப் பலர் படிப்பதேயில்லை: குளிர்காலத்தில் தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் வீட்டில் இல்லாவிட்டால், தண்ணீரை மூடி வடித்திருக்க வேண்டும்; அல்லது பொறுப்பான ஒருவர் தினமும் உள்ளே போய்ச் சூடு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உறைந்து உடைந்த சேதத்துக்குப் பணம் கிடைக்காது. பிரிட்டனில் 30 நாள், சில இடங்களில் 60 நாள் தாண்டினால் ஆளில்லா வீடு என்று வேறு கணக்குக்குப் போய்விடுகிறது. டிக்கெட் போடும்போதே இதையும் எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

தினமும் ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்ற அந்த நிபந்தனை புதுக்கோட்டைக்காரர்களுக்குப் புதிதல்ல. ராயவரம், அரிமளம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி, பனையப்பட்டி, குழிபிறை, ராங்கியம் என்று மாவட்டத்தின் தெற்கிலும் மேற்கிலும் பரவிக் கிடக்கும் நகரத்தார் ஊர்களில், தெரு நீளத்துக்கும் பூட்டிய வீடுகள். பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செழித்த காலத்தில் பர்மாத் தேக்கும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்டு எழுப்பியவை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபின் அந்த வரவு நின்றது. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போயின. ஒரு வீட்டுக்குப் பத்துப் புள்ளி, இருபது புள்ளி (ஒரு குடும்பம் ஒரு புள்ளி) என்று பங்காளிகள் பெருகினார்கள். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறந்து, மற்ற நாளில் ஒரு காவல்காரர் கையில் சாவி. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014இல் சேர்த்தார்கள். ஆனாலும் எந்தப் பட்டியலும் ஓட்டில் விழுந்த விரிசலை அடைக்காது.

இங்கே பூட்டிய வீட்டுக்குச் சூடு தேவையா? கேள்வியே விநோதமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. கார்த்திகை அடைமழையில் வெளியே 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 21 கிராம் நீராவி இருக்கிறது. பூஞ்சைக்கு 80 சதவீத ஈரம் தொடர்ந்து கிடைத்தால் போதும். பட்டுப்புடவை, புகைப்படம், புத்தகம், தோல் செருப்பு எல்லாவற்றிலும் ஏறிவிடும். அதே காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 68 சதவீதத்துக்கு இறங்குகிறது. இனி லண்டனுக்குப் போவோம். வெளியே 5 டிகிரி, 90 சதவீதம். உள்ளே 10 டிகிரி வைத்தால் ஈரப்பதம் 65 சதவீதம். இரண்டு ஊரிலும் விடை ஒன்றே: ஈரத்திலிருந்து ஒரு வீட்டைக் காக்க, வெளியைவிட ஐந்து டிகிரி கூடுதல் போதும். குழாயைக் காப்பதற்கான எண் வேறு. சுவரையும் துணியையும் காப்பதற்கான எண் இந்த ஐந்து. ஆளில்லாத வீட்டில் சமையலும் குளியலும் மூச்சும் புது நீராவியைச் சேர்ப்பதில்லை என்பதால் அதுவே தாராளம்.

நம் வீடுகளில் அந்த ஐந்து டிகிரியை முன்பு விறகடுப்பு கொடுத்தது. ஆள் குடியிருக்கும்வரை அடுப்படியும் அதை ஒட்டிய அறைகளும் மழைக்காலத்திலும் வறண்டிருந்தன. புகை ஏறிய கூரை மூங்கிலையும் ஓலையையும் பூச்சி தொடவில்லை. பூட்டிய வீட்டில் கெட்டுப்போகிற முதல் இடம் அடுப்படிப் பக்கமாக இருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆளில்லாத வீட்டில் அடுப்பையோ விளக்கையோ எரியவிடச் சொல்லவில்லை; அது ஆபத்து. அந்த வேலையை வெயில் இலவசமாகச் செய்யும். மழை விட்டு வெயில் அடிக்கிற நாளில் பதினொரு மணிக்குமேல் ஜன்னல்களைத் திறந்து, நாலு மணிக்குள் மூடிவிட வேண்டும். விடியற்காலையில் திறந்தால் பனிக்காற்றை உள்ளே அழைத்துப் பூட்டுவதாக ஆகிவிடும். காவல்காரரிடம் வாரம் ஒருமுறை திறந்துவை என்று சொல்பவர்கள் எந்த நேரத்தில் என்பதையும் சொல்ல வேண்டும்.

பழைய வீட்டைக் கட்டியவர்கள் தண்ணீரை அறிந்தே கட்டினார்கள். நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்து மழை முற்றத்துக்கு இறங்கி, வடிகால் வழியே வெளியேறுகிறது. அந்த வடிகால் வாயில் ஒரு கை அளவு வேப்பிலைச் சருகு அடைத்தால் போதும். ஓர் இரவு மழையில் முற்றத்தைச் சுற்றிய வளவு முழுக்க நீர் ஏறி, தேக்குத் தூண்களின் அடி நனைகிறது; கரையான் அந்த ஈரத்தைத் தேடி வருகிறது. குரங்கோ மரநாயோ நகர்த்திய ஓர் ஓடு, கவனிக்காமல் விட்டால் இரண்டு மழைக்காலத்தில் ஒரு விட்டத்தை உளுத்துப்போகச் செய்யும். ஆகவே ஆடி, ஆவணியில் ஓடு பிரித்து மாற்றுவதும், ஐப்பசிக்கு முன் வடிகால் தோண்டுவதும் தவிர்க்க முடியாதவை. இன்னொரு கெடுதலும் நடந்துவருகிறது. சுண்ணாம்புச் சுவரில் விரிசல் விட்டால் சிமெண்ட் வைத்துப் பூசுகிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். பூசிய இடத்தைச் சுற்றி உப்புப் பூத்துச் சுவர் உதிர்வது அதனால்தான்.

அறந்தாங்கி, மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் வளைகுடா, சிங்கப்பூர் சம்பாத்தியத்தில் எழுந்த கான்கிரீட் வீடுகளில் கதை வேறு. காற்றுப் போக வழியே இல்லாமல் கண்ணாடி ஜன்னல்கள். மாடித் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள். மூடி விலகினால் டெங்குக் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. தொட்டியைக் காலிசெய்து மூடிவிட்டுப் போக வேண்டும். கழிப்பறை வளைகுழாயில் நிற்கும் தண்ணீர் சில வாரத்தில் வற்றி, சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வரும். அந்த வாயை மட்டும் மூடிவைத்தால் போதும். ஃப்ரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்துவைப்பதும் இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றுவதும் சின்ன வேலைகள்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வழியே தென்னந்தோப்புகளைச் சாய்த்துக்கொண்டு போனது. கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில், பக்கத்துத் தெருவில் சாவி இருந்த வீட்டுக்குள் யாராவது போய் ஓடு பறந்த இடத்தில் தார்ப்பாய் கட்டினார்கள். சாவியும் உரிமையாளரோடு வெளிநாட்டில் இருந்த வீடுகள் அடுத்தடுத்த மழையை அப்படியே வாங்கின. இன்று லண்டனில் இருந்து ஊர் வீட்டுக் கேமராவையும், ஊரிலிருந்து லண்டன் வீட்டு வெப்பத்தையும் கைபேசியில் பார்க்கலாம். கசிவு கண்டால் தானே வால்வை மூடும் கருவியும் வந்துவிட்டது. குளிர் நாட்டு வீட்டில் அது செலவழிக்கத் தகுந்த பொருள். ஆனால் கைபேசி தார்ப்பாய் கட்டாது. வால்வைத் திருகத் தெரிந்த அண்டைவீட்டுக்காரர் ஒருவர் அங்கேயும், ஏணி ஏறத் தெரிந்த ஒருவர் இங்கேயும் வேண்டும். இங்கே அவருக்குக் கொடுப்பது பல குடும்பங்களில் இன்னும் தீபாவளிக்கு ஒரு வேட்டியும் மாதம் ஒரு சிறு தொகையும்தான். தெர்மோஸ்டாட்டை இறக்கியதால் மிஞ்சும் 85 பவுண்டு நம் பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அதை அவருக்குக் கொடுத்தால் ஐப்பசிக்கு முன் வடிகாலும் ஓடும் ஒழுங்காகிவிடும். பங்காளிகள் பலர் உள்ள வீட்டில் யார் கொடுப்பது என்ற வழக்குத்தான் வேலையை நிறுத்துகிறது; புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வைத்து ஆண்டுக்கொருவர் கணக்குப் பார்க்கும் வீடுகள் நன்றாகவே நிற்கின்றன.

திரும்பிப் போனதும் செய்ய வேண்டியதற்கும் ஒரு வரிசை உண்டு. மெயின் வால்வைக் கால் திருகு மட்டும் திறந்து, எங்காவது சீறும் சத்தம் கேட்கிறதா என்று எல்லா அறையிலும் நின்று கேட்க வேண்டும். பிறகே முழுதாகத் திறக்கலாம். வெந்நீர்த் தொட்டி நாட்கணக்கில் ஆறிக் கிடந்திருந்தால் அதில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகியிருக்கக்கூடும். 60 டிகிரிக்குச் சூடாக்கியபின், தெறிப்பு முகத்தில் படாமல் குழாய்களை ஓடவிட வேண்டும். வீட்டின் சூட்டைச் சாயங்காலத்துக்குள் ஏற்றிவிட அவசரப்பட்டு 28 என்று வைப்பதில் பயனில்லை. சாதாரண பாய்லர் 20க்கும் 28க்கும் ஒரே வேகத்தில்தான் எரியும். 20ஐத் தாண்டியும் எரிந்துகொண்டே இருக்கும் என்பது மட்டுமே வித்தியாசம்.